பதில்: அப்பா சுகாதார நிலையத்துக்கு வரமாட்டேங்கிறார்

டோக்கன் கூப்பிட்டது காதுல விழாம காலையெல்லாம் உட்கார்ந்துட்டு, அப்பா மாத்திரை வாங்காமலே திரும்பிட்டார், இனி அந்தப் பக்கமே வரமாட்டேங்கிறார்னு எழுதியிருந்தீங்க. இது பிடிவாதம் இல்லைங்க. 78 வயசுல, காது மந்தத்தோட, முழங்கால் வலியோட அங்க காத்திருந்தா யாருக்கும் வெறுத்துப் போகும்.

பிரஷர், சுகர் மாத்திரைக்காக மட்டும் மாசாமாசம் அவரை அலைக்கழிக்காதீங்க. 2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இதுக்குத்தான். நடக்க சிரமப்படுறவங்களுக்கு மாத்திரை, பிசியோதெரபி ரெண்டும் வீட்டுக்கே வரும். உங்க ஏரியா நர்ஸம்மாகிட்ட பேரைப் பதியச் சொல்லுங்க, விவரம் வேணும்னா அரசு மருத்துவ உதவி எண் 104-க்கு அடிங்க.

நேர்ல போற அன்னைக்கு, டோக்கன் போட்டதுமே "இவருக்குக் காது கேட்காது, தோளைத் தொட்டுக் கூப்பிடுங்க சிஸ்டர்"னு சொல்லி, அவங்க கண்ணுல படுற நாற்காலியில உட்கார வைங்க. உள்ள போனதும் நீங்க முந்திக்கிட்டுப் பேசாதீங்க (பிள்ளைங்க எல்லாருக்கும் இருக்கிற வியாதி!). அவர் வாயாலயே சொல்லட்டும். சாப்பிடுற மாத்திரை அத்தனையும், மெடிக்கல்ல சும்மா வாங்கின வலி மாத்திரை உட்பட, மஞ்சப்பையில போட்டு எடுத்துட்டுப் போய் டாக்டர் மேஜையில கொட்டிக் காட்டுங்க. சில வலி மாத்திரை பிரஷரை ஏத்தும், கிட்னியையும் பதம் பார்க்கும். ராத்திரி எழுந்தா தலை சுத்துதா, எங்கயாவது விழுந்தாரான்னு அவங்க கேட்காட்டியும் நீங்க சொல்லிடுங்க.

மறதி, தடுமாற்றம்னு பலதும் சேர்ந்திருந்தா, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்துல 2024-ல திறந்த முதியோர் நல மருத்துவமனைக்கு எழுதித் தரச் சொல்லுங்க.

சுகாதார நிலைய வாசப்படியில கைப்பிடி இல்லைன்னீங்களே, அதை சென்னை மாநகராட்சி புகார் எண் 1913-ல புகாராவே பதிவு பண்ணுங்க.