சிரிப்புக்குள் ஒளியும் தடயம்

கேள்வி: துப்பறியும் படங்களின் வழக்கங்களையே கிண்டல் செய்யும் கொலைப் படங்கள், கடைசிவரை நம்மை எழவிடாமல் உட்கார வைக்கின்றனவே, எப்படி?

பதில்: மாளிகை, உயில், பூட்டிய அறையில் பிணம், எல்லோரையும் கூடத்தில் கூட்டிவைத்து விளக்கும் துப்பறிவாளர்... எல்லாம் நமக்கு அத்துப்படி. அது தனக்கும் தெரியும் என்று படமே ஒப்புக்கொள்ளும்போது, நாம் எதிராட்டக்காரர் ஆகிவிடுகிறோம். 'யார் கொன்றது?' என்பதோடு 'என்னை எப்படி ஏமாற்றப்போகிறார்கள்?' என்பதும் சேர்ந்துகொள்கிறது.

2019-ல் வந்த 'நைவ்ஸ் அவுட்' படம், மாளிகையில் பிணமாகக் கிடக்கும் பெரியவர் இறந்த விதத்தை முதல் பாதியிலேயே காட்டிவிடும். துப்பறிவதை விட்டு, அவருடைய நர்ஸ் மார்த்தா மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று பதறுவோம். நாம் அசந்த அந்த நேரத்தில்தான் நிஜமான புதிர் பின்னால் நகர்கிறது. பொய் சொன்னால் மார்த்தாவுக்கு வாந்தி வரும். வேடிக்கையாக அறிமுகமாகும் இதுவே கிளைமாக்ஸில் முடிச்சை அவிழ்க்கும். (பார்க்காதவர்களுக்காக இதோடு நிறுத்துகிறேன்.)

கேள்வி: 'க்ளூ' படத்துக்கு மூன்று முடிவுகளாமே?

பதில்: ஆமாம். ஒரு பலகை விளையாட்டை வைத்து 1985-ல் ஜோனதன் லின் இயக்கியது. தியேட்டருக்குத் தியேட்டர் வேறு முடிவு, வசூல் சரியில்லை. வீடியோவில் மூன்றும் வரிசையாக வந்தன. மூன்றுமே பொருந்துகிறதென்றால் எந்தத் தடயமும் ஒருவரை மட்டும் சுட்டவில்லை என்றாகிறது. புதிராக அது குறைதான். வசன வேகத்துக்காகப் பாருங்கள், அபாரம்.

கேள்வி: இதே பாணியில் குறும்படம் எடுத்தோம். நன்றாகச் சிரிக்கிறார்கள். கொலையாளியைக் காட்டியதும் 'இதை எப்போ சொன்னீங்க?' என்கிறார்கள்.

பதில்: தடயம் ஜோக்குக்கு அடுத்த வசனத்தில் இருக்கிறதா பாருங்கள். சிரிப்புச் சத்தத்தில் அது காதில் விழாது. ஜோக்குக்கு அடி போடும் வரியிலேயே வையுங்கள். 'மாமாவுக்கு இடது காது கேட்காது. அத்தையை அந்தப் பக்கமாத்தான் உட்கார வைப்பாரு.' சிரிப்பு அத்தை பக்கம் போகும், காது மனதில் தங்கும். பின்னால், இடப்பக்கம் யாரோ கிசுகிசுத்தது கேட்டதாக மாமா சொன்னால் பொய் பிடிபடும்.

முக்கியத் தடயம் இருமுறை வரட்டும்: ஒருமுறை வசனமாக, ஒருமுறை காட்சியாக. 15 நிமிடப் படத்துக்குச் சந்தேக நபர்கள் 4 பேர் போதும். 'சினிமாவுல வர்ற மாதிரியே இருக்கே' என்ற வசனம் ஒரே தடவைதான். மூன்றாம் முறை எரிச்சல். துப்பறிவாளர் விளக்கும்போது மட்டும் ஜோக்கை அடக்கி வையுங்கள். அந்த விளக்கச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் மறுபடி அதே கேள்விதான் வரும்.