துப்பாக்கி இருந்தும் பயம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். திகில் கதைகள் பற்றி நீங்கள் எழுதிவரும் குறிப்புகளைத் தொடர்ந்து வாசித்துவருகிறேன். அண்மையில் 'ஏலியன்: ஐசோலேஷன்' விளையாடி முடித்தேன். சில இடங்களில் கணினியை அணைத்துவிட்டு எழுந்து போகும் அளவுக்குப் பயந்தேன். அந்த வேகத்தில் 1999-இல் வந்த 'ஏலியன்ஸ் வெர்சஸ் பிரிடேட்டர்' விளையாட்டையும் தொடங்கினேன். இரண்டாம் லெவலிலேயே நிறுத்திவிட்டேன். கையில் இயந்திரத் துப்பாக்கி இருக்கிறது, வருவதையெல்லாம் சுட வேண்டியதுதான். இதில் திகில் எங்கே இருக்கிறது? மனிதரைக் கொல்லும் வேற்றுக்கிரக உயிரியின் கதையை 1979-இல் ரிட்லி ஸ்காட் 'ஏலியன்' என்று எடுத்தது திகில் படம், 1986-இல் ஜேம்ஸ் கேமரூன் 'ஏலியன்ஸ்' என்று எடுத்தது போர்ப்படம். விளையாட்டுகளும் அதே இரண்டு வழிகளில் பிரிந்துவிட்டன என்று நினைக்கிறேன். துப்பாக்கியைக் கையில் கொடுத்த உடனே பயம் போய்விடுகிறது என்பது என் கருத்து. தங்கள் எண்ணம் என்ன? அந்தப் பழைய விளையாட்டை நான் மறுபடியும் முயன்று பார்க்கத்தான் வேண்டுமா?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

ஐசோலேஷன் வெளிவந்த 2014-க்குப் பிறகு உங்கள் கருத்து ஏறத்தாழப் பொதுக்கருத்தாகவே ஆகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆயுதம் இருப்பதாலோ இல்லாததாலோ பயம் கூடிக் குறைவதில்லை. எதிரில் இருப்பதைப் பற்றி நமக்கு எவ்வளவு தெரிகிறது, தெரிந்த பிறகு செயல்பட எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்ற இரண்டும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. இந்த இரண்டையும் பிடுங்கிக்கொண்டு துப்பாக்கியை மட்டும் கொடுத்தால், வெறுங்கையோடு நிற்பவனைக் காட்டிலும் துப்பாக்கி ஏந்தியவனே அதிகம் நடுங்குவான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

நீங்கள் போர்ப்படம் என்று ஒதுக்கும் 1986 படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மரைன்கள் என்ற படைவீரர்கள் பெரும் ஆயுதபலத்தோடுதான் இறங்குகிறார்கள். ஆனால் உயிரிகளின் கூட்டை நெருங்கும்போது, அந்த இடம் அணு உலையின் குளிரூட்டும் அமைப்புக்கு நேர்கீழே இருப்பது தெரியவருகிறது. அங்கே சுட்டால் உலையே வெடித்துவிடக்கூடும் என்பதால், தோட்டாக்களைத் திரும்ப ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வருகிறது. பின்னால் வரும் காட்சி இன்னும் கடுமையானது. கதவுகளைப் பற்றவைத்து அடைத்துவிட்டு அறைக்குள் காத்திருக்கிறார்கள். கையில் உள்ள, அசைவைக் கண்டறியும் மோஷன் டிராக்கர் கருவி காட்டும் தூரம் குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் அறையின் அளவையும்விடக் குறைந்துவிடுகிறது. அப்படியானால் அவை உள்ளே வந்திருக்க வேண்டும், ஆனால் உள்ளே எதுவும் இல்லை. கடைசியில் ஒருவர் கூரைத் தடுப்பைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்க்கிறார். அந்த அறையில் துப்பாக்கிகளுக்குக் குறைவில்லை. எந்தப் பக்கம் சுடுவது என்பதுதான் அதுவரை யாருக்கும் தெரியவில்லை.

துப்பாக்கி விளையாட்டுகள் என்ற வகையே இந்தப் படத்துக்கு மிகவும் கடன்பட்டிருக்கிறது. ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் 'டூம்' விளையாட்டைத் திட்டமிட்ட காலத்தில், அதை 1986 படத்தின் உரிமத்தோடு செய்யலாமா என்று யோசித்து, பிறகு தங்கள் கற்பனைக்குத் தடையாக இருக்கும் என்று கைவிட்டது. 1993 இறுதியில் டூம் வெளிவந்த மறு ஆண்டே, ரசிகர் ஒருவர் அந்த விளையாட்டை முழுவதுமாக ஏலியன்ஸ் உலகமாக மாற்றியமைத்தார். அந்த மாட்-இன், அதாவது மாற்றியமைத்த வடிவத்தின், முதல் லெவலில் ஓர் எதிரிகூடக் கிடையாது. எதிர்ப்படுவதையெல்லாம் சுட்டுத்தள்ளப் பழகியிருந்த டூம் ஆட்டக்காரர்களை, துப்பாக்கியோடு ஆளற்ற குடியிருப்புக்குள் நடக்கவிட்டு, சுடுவதற்கு ஒன்றும் இல்லாமல் செய்தார் அவர். என்னைப் பொறுத்தவரை இந்த விளையாட்டு மரபின் உண்மையான தொடக்கம் அதுதான்.

நீங்கள் பாதியில் விட்ட விளையாட்டைச் செய்தது இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் இருக்கும் ரெபெல்லியன் நிறுவனம். 1994-இல் அட்டாரி ஜாகுவார் கருவிக்காக ஏலியன், மனிதரை வேட்டையாடும் மற்றொரு வேற்றுக்கிரக உயிரியான பிரிடேட்டர் என்ற இதே இரு உயிரிகளை வைத்து ஒரு விளையாட்டைச் செய்திருந்தவர்கள், ஐந்து ஆண்டுகள் கழித்துக் கணினிக்கு வந்தார்கள். அவர்கள் முன்னால் ஒரு பெரிய சிக்கல் இருந்தது. 1979 படத்தில் அந்த உயிரி முழுதாகத் தெரியும் நேரம் மிகக் குறைவு. எச். ஆர். கீகர் வடிவமைத்த அந்த உடைக்குள் இருந்தவர் போலாஜி படேஜோ என்ற, இரண்டு மீட்டருக்கும் அதிக உயரம் கொண்ட நைஜீரிய இளைஞர். உடைக்குள் ஒரு மனிதர் இருப்பது பார்வையாளருக்குத் தோன்றிவிடாதபடி ஸ்காட் நிழலையும் படத்தொகுப்பின் வெட்டுகளையும் கொண்டு அதை மறைத்தார். விளையாட்டில் அந்த வசதி இல்லை, ஏனென்றால் கேமரா ஆடுபவரின் கையில் இருக்கிறது. அவர் எங்கே வேண்டுமானாலும் பார்ப்பார், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்ப்பார்.

ரெபெல்லியன் இதற்குக் கண்ட வழி வேகம். மரைனாக ஆடும் பகுதியில் ஒரு தாக்குதல் எப்படி நிகழ்கிறது என்று பாருங்கள். தாழ்வாரத்தில் விளக்குகள் பாதி அணைந்திருக்கின்றன. திரையின் ஓரத்தில் டிராக்கர் ஒரே சீராக ஒலித்துக்கொண்டிருக்கிறது. ஒரு புள்ளி தோன்றி ஒலி கூர்மையாகிறது. டிராக்கர் அசைவை மட்டுமே காட்டும். அசைவது தரையிலா, சுவரிலா, கூரையிலா என்று சொல்லாது. எரிந்து வெளிச்சம் தரும் ஒரு ஃப்ளேரை எறிகிறீர்கள். அதன் வெளிச்சம் எட்டும் வரை தாழ்வாரம் வெறிச்சோடிக் கிடக்கிறது. அந்த வெளிச்சத்தின் விளிம்பில் அது தெரிகிற கணத்துக்கும் உங்கள் முகத்துக்கு நேரே வந்துவிடுகிற கணத்துக்கும் இடையில் துப்பாக்கியைத் திருப்பத்தான் நேரம் இருக்கிறது, குறிபார்க்க நேரமில்லை. சுடுகிறீர்கள். காலில் பட்டால் அது காலை இழந்து, கைகளால் தரையில் ஊர்ந்து வருகிறது. தீயை உமிழும் ஆயுதத்தால் கொளுத்தினாலும் எரிந்துகொண்டே ஓடி வருகிறது. அருகில் வந்த பிறகு சுட்டு வீழ்த்தினாலோ அதன் அமில இரத்தம் உங்கள் மேல் தெறிக்கிறது.

இந்தக் கடைசி விஷயத்தைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். சுட்டால் எதிரி சாவான், நாம் பிழைப்போம் என்பதுதான் மற்றத் துப்பாக்கி விளையாட்டுகளில் ஆடுபவருக்கும் துப்பாக்கிக்கும் உள்ள ஒப்பந்தம். இங்கே பிந்திச் சுட்டால் எதிரியின் சாவே உங்களைக் காயப்படுத்தும். முந்திச் சுட்டால் இருளில் தோட்டா வீணாகும். துப்பாக்கி கையில் இருப்பதால் ஒவ்வொரு கணமும் ஒரு முடிவை எடுத்தாக வேண்டியிருக்கிறது, அந்த முடிவுக்கான தகவலோ உங்களிடம் இல்லை. ஒளிந்துகொண்டு மூச்சை அடக்கியிருப்பவனுக்கு இந்தச் சுமை கிடையாது.

உயிரிகள் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வருவதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான விளையாட்டுகளில் ஒருமுறை இறந்தால் எதிரி எந்த மூலையில் இருக்கிறான் என்பது மனப்பாடமாகிவிடும், மறுமுறை பயம் பாதியாகக் குறையும். இதில் அந்த மனப்பாடம் உதவாது. ஓரிடத்தைக் காலிசெய்துவிட்டோம் என்று நின்று இளைப்பாறவும் முடியாது, மேலும் வந்துகொண்டே இருக்கும். 1999-இல் விற்பனைக்கு வந்தபோது லெவலுக்கு நடுவில் சேவ் செய்யும் வசதியும் இருக்கவில்லை. ஆட்டக்காரர்களின் எதிர்ப்புக்குப் பிறகு, சில முறை மட்டும் சேவ் செய்யலாம் என்ற அளவில் அந்த வசதி சேர்க்கப்பட்டது. எதிர்ப்பு நியாயமானதுதான், வேலை முடிந்து வந்து அரைமணி நேரம் ஆடுகிறவருக்கு லெவல் முழுவதையும் திரும்பத் திரும்ப ஆடுவது கொடுமை. ஆனாலும் முதலில் வந்த வடிவமே இந்த விளையாட்டின் இயல்புக்கு ஏற்றது என்று கருதுகிறேன், ஏனெனில் இழப்பதற்கு ஏதாவது இருக்கும்போதுதான் தாழ்வாரத்தின் அடுத்த திருப்பத்துக்கு எடை கூடுகிறது.

ஏலியனாகவும் பிரிடேட்டராகவும் ஆடும் பகுதிகள் திகிலைச் சேர்ந்தவை அல்ல. அவற்றில் நீங்களே வேட்டையாடுகிறீர்கள். ஏலியனாகச் சுவரிலும் கூரையிலும் ஓடிப் பார்த்தபின் மரைனாகத் திரும்பி வந்தால், மேலிருந்து நீங்கள் எப்படித் தெரிவீர்கள் என்பது நினைவில் இருக்கும். அந்த அளவில் அது பயனுள்ளது. 2001-இல் மோனோலித் நிறுவனம் செய்த இரண்டாம் பாகம் மரைன் கதையை நெடுநேரம் உயிரிகளையே காட்டாமல் தொடங்கி, ஆடுபவரைத் தன் காலடி ஓசைக்கே திடுக்கிட வைத்தது. இது டூம் மாட் கற்றுக்கொடுத்த பாடம்தான், ஆனால் மிக அழகாகக் கையாளப்பட்டது.

இனி ஐசோலேஷனுக்கு வருகிறேன். அதன் மேல் உங்களுக்கு இருக்கும் மதிப்பு எனக்கும் உண்டு. ஆனால் அது துப்பாக்கியைப் பறித்துவிட்டது என்பது சரியல்ல. ரிவால்வரும் ஷாட்கனும் அதில் கிடைக்கின்றன. அவற்றால் உயிரியைக் கொல்ல முடியாது, சுட்ட சத்தம் அதை உங்களிடமே அழைத்து வரும். தீயால் சற்று நேரம் விரட்டலாம், அவ்வளவுதான். 1986 படத்தில் உலைக்குக் கீழே நின்ற மரைன்களின் நிலைதான் இது: ஆயுதம் இருக்கிறது, அதைப் பயன்படுத்துவதே ஆபத்தாகிறது. அந்த உயிரியை இயக்கும் முறையும் இதே நோக்கம் கொண்டது. நிரலில் இரண்டு அடுக்குகள் உண்டு. மேலே இருக்கும் ஒன்றுக்கு உங்கள் இடம் எப்போதும் தெரியும், ஆனால் அது உயிரிக்கு ஏறத்தாழ எந்தப் பகுதி என்பதை மட்டுமே உணர்த்தும். மிச்சத்தை உயிரி தன் கண்ணாலும் காதாலும் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். நெடுநேரம் அது உங்கள் அருகிலேயே இருந்துவிட்டால், மேலடுக்கு அதைக் காற்றுக்குழாய்க்குள் திரும்ப அழைத்துக்கொண்டு உங்களுக்குச் சற்று மூச்சுவிட இடம் தரும். டிராக்கரை உற்றுப் பார்த்தால் எதிரில் இருப்பது மங்கும், எதிரில் பார்த்தால் டிராக்கர் மங்கும். ஆக, அங்கும் உங்களிடமிருந்து பறிக்கப்படுவது தகவல்தான். உயிரி முழு உருவத்தோடு நடந்து வருவதை ஆடுபவர் நின்று பார்ப்பார் என்பதால், உடை அணிந்த மனிதனைப் போல் தோன்றாதபடி அதன் கால்களின் அமைப்பையே, ஐசோலேஷனைச் செய்த கிரியேட்டிவ் அசெம்ப்ளி நிறுவனத்தார் மாற்றினார்கள். ரெபெல்லியன் வேகத்தால் சமாளித்ததை இவர்கள் உடலமைப்பால் சமாளித்தார்கள்.

துப்பாக்கிதான் குற்றவாளி என்பதற்கு எல்லோரும் காட்டும் சான்று 2013-இல் வந்த 'ஏலியன்ஸ்: கொலோனியல் மரைன்ஸ்'. அதில் உயிரிகள் பயமுறுத்தவில்லை என்பது உண்மை. நேராக ஓடி வரும், குழம்பி நிற்கும், சாகும். அதன் காரணங்களில் ஒன்று 2018-இல் பரவலாகத் தெரியவந்தது. உயிரிகளைக் குறிப்பிட்ட இடங்களோடு இணைத்து, பதுங்கவும் பக்கவாட்டில் சுற்றி வளைக்கவும் செய்யும் கட்டளை ஒன்று அமைப்புக் கோப்பில் இருந்தது. அந்தக் கட்டளையின் பெயரில் ஓர் ஆங்கில எழுத்து கூடுதலாக விழுந்திருந்ததால் அது இயங்கவே இல்லை. விளையாட்டை மாற்றியமைப்பவர் ஒருவர் கண்டுபிடித்துச் சொன்ன பிறகு, அந்த ஓர் எழுத்தை நீக்கியவர்கள் உயிரிகள் சுற்றி வளைத்து வருவதைக் கண்டார்கள். விளையாட்டின் மற்றக் குறைகள் அதனால் தீரவில்லை. ஆனால் துப்பாக்கிகள் அப்படியே இருக்க, உயிரியின் நடத்தை மட்டும் மாறியபோது அச்சமும் மாறியது என்பது நம் விவாதத்துக்கு மிக முக்கியமான செய்தி.

எனவே, ஆம், மறுபடியும் முயன்று பாருங்கள். 2010-இல் ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் மறுவெளியீடு செய்யப்பட்ட வடிவம் இன்றைய கணினிகளில் ஆடுவதற்கு வசதியானது. சேவ் செய்யும் வாய்ப்புகளைத் தொடாமல், விட்ட இரண்டாம் லெவலை மரைனாகத் தொடக்கத்திலிருந்து ஆடுங்கள். திரையின் வெளிச்சத்தைக் கூட்டாதீர்கள், ஹெட்ஃபோன் அணிந்துகொள்ளுங்கள். டிராக்கரில் புள்ளி தோன்றியதும் அதையே உற்றுப் பார்த்துக்கொண்டு நிற்கும் பழக்கம் ஐசோலேஷனிலிருந்து உங்களுக்கு வந்திருக்கலாம். இங்கே அது ஆபத்து. ஒலியை மட்டும் கவனித்து, கண்ணைத் தாழ்வாரத்திலும் கூரையிலும் வைத்திருங்கள். அந்த லெவலை முடித்ததும் எழுதுங்கள், இரண்டாம் பாகத்தைப் பற்றித் தனியாகப் பேசுவோம்.

அன்புடன்