றங்குப்பெட்டியில் கிடைத்த பழைய விளம்பரங்கள்: வெட்டலாமா, விற்கலாமா?

கோண்டாவிலில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அப்பப்பாவின் றங்குப்பெட்டியைத் திறந்தால் 1950கள், 60களின் ஆனந்த விகடன், கல்கி, கொஞ்சம் ஈழகேசரி, அதோடு சினிமா நோட்டீஸ், கலியாணக் காட், சுருட்டு லேபல் எல்லாம் கட்டுக்கட்டாக இருக்கிறதாம். சவர்க்காரம், தைலம், வானொலிப் பெட்டி விளம்பரங்களை மட்டும் வெட்டி லமினேற் பண்ணிச் சுவரில் மாட்ட ஆசைப்படுகிறார். கொழும்பில் ஒருவர் விளம்பரப் பக்கங்களை மட்டும் விலைக்குக் கேட்கிறாராம். சில தாள்களைப் பூச்சியும் அரித்திருக்கிறது. என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

பிள்ளை, முதலில் கத்தரிக்கோலைக் கீழே வையுங்கள்.

எங்கள் வீடுகளில் வாரச் சஞ்சிகைக்கு என்ன நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். தொடர்கதைப் பக்கங்களை உருவியெடுத்து, வாரம் வாரமாகச் சேர்த்து, பைண்ட் பண்ணி வைப்பார்கள். மிச்சம், அதாவது அட்டையும் விளம்பரமும், கடையில் சரை சுற்றப் போய்விடும். நூலகங்களிலும் பல இடங்களில் அட்டையையும் விளம்பரத் தாள்களையும் கழற்றிவிட்டுத்தான் பைண்ட் செய்தார்கள். ஆகவே கதையை எங்கேயாவது தேடிப் பிடிக்கலாம், விளம்பரத்தோடு கூடிய முழு இதழைத்தான் பிடிக்க முடியாது. இதில் உள்ளூர் அச்சு இன்னும் மோசம். சுன்னாகத்தில் 1930 முதல் 1958 வரை வந்த ஈழகேசரியில் யாழ்ப்பாணத்துக் கடைகளின் விளம்பரங்களே இருக்கும், அதையெல்லாம் சென்னையில் போய்த் தேடியும் பயனில்லை. 1981இல் யாழ். பொது நூலகத்தோடு ஏறத்தாழ 97,000 நூல்கள் எரிந்தன, 1995 இடப்பெயர்வில் வீட்டுப் பெட்டிகள் விட்டபடி விட்டுப் போனவை. இவ்வளவுக்கும் தப்பி வந்த பெட்டியை நாமே வெட்டிக் கூறுபோடுவது எனக்கு மனம் ஒப்பவில்லை.

வெட்டினால் தேதியும் போய்விடும். பின்பக்கத்தில் இருக்கும் கதைத் துண்டு, பக்க எண், மேலே உள்ள இதழ்த் தேதி எல்லாம் சாட்சி. ஏற்கனவே யாரோ வெட்டி வைத்த துண்டுகள் பெட்டியில் இருந்தால், விலையைப் பாருங்கள். இந்திய விளம்பரத்தில் அணா என்று இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தியது, ஏனென்றால் அப்போதுதான் அங்கே தசம நாணயம் வந்தது. நயா பைசா, ந.பை. என்று இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையில் என்று வைத்துக்கொள்ளலாம், 1964இல் 'நயா'வை எடுத்துவிட்டார்கள். எங்கள் பக்கத்துக்கு இந்தக் கணக்கு உதவாது, இங்கே அதற்கு வெகுகாலம் முன்பே ரூபாயும் சதமும்தான். முகவரியில் சிலோன் என்று இருந்தால் 1972க்கு முந்தியது என்று ஓரளவு நம்பலாம். பழைய 'தும்பிக்கை' லை, கொம்புச் சுழி ணா, றா இவற்றை மட்டும் வைத்து ஆண்டு சொல்லாதீர்கள். தமிழ்நாட்டு அரசு 1978இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்ற பிறகும் ஈய எழுத்துக் கோத்த அச்சகங்கள் உடனே மாறவில்லை.

லமினேற் பற்றி எனக்கே ஒரு சூடு இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் ஒரு தியேட்டர் நோட்டீஸை, றோஸ் நிறத் தாள், ரவுணில் ஒரு கடையில் கொடுத்து லமினேற் பண்ணினேன். சூட்டில் உருகிய பசை தாளுக்குள் இறங்கிவிட்டது, இனி அதைப் பிரிக்க வழியில்லை, உள்ளே தாள் பழுத்துக்கொண்டே போகிறது. மலிவுத் தாளை மரத்தை அரைத்த கூழில் செய்வார்கள், அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சமும் காற்றும் பட்டு மஞ்சளாகி அமிலத்தை உண்டாக்கும், அந்த அமிலம்தான் தாளை அப்பளம் போல் நொறுங்க வைக்கிறது. மேலே பிளாஸ்டிக் ஒட்டினாலும் உள்ளே அந்த வேலை நிற்காது. செலோரேப்பும் அப்படித்தான், கொஞ்சக் காலத்தில் பழுப்புக் கோடு விழும். ஏற்கனவே ஒட்டியிருந்தால் இழுக்காதீர்கள், எழுத்தும் சேர்ந்து வரும். துருப்பிடித்த பின்னையும் கம்பியையும் மட்டும் பொறுமையாக நிமிர்த்திக் கழற்றலாம். றப்பர் பாண்ட் வேண்டவே வேண்டாம்.

சுவரில் மாட்ட ஆசைதானே? பக்கத்தை 600 டிபிஐயில் ஸ்கான் பண்ணி நல்ல தாளில் பிரின்ற் எடுத்து அதைச் சட்டம் போடுங்கள். பைண்ட் இறுகி விரிக்க முடியாவிட்டால் ஸ்கானரில் அமுக்காமல், ஜன்னலோரம் நிழல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல் படம் எடுங்கள். வருகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது, மூலம் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும்.

பூச்சி அரித்ததை மற்றவற்றிலிருந்து இன்றைக்கே பிரித்து வையுங்கள். நெல்லிப்பொடி போலத் தூளோ, உயிரோடு ஊர்வதோ தெரிந்தால் பொலித்தீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, வாயை நன்றாக ஒட்டி, டீப் பிறீசரில் இரண்டு கிழமை வையுங்கள் (மைனஸ் 18 பாகை வரை போக வேண்டும், சாதாரண ஃபிரிட்ஜின் ஐஸ் பெட்டி போதாது). வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள், ஒரு நாள் அறை வெப்பத்துக்கு வரட்டும், இல்லாவிட்டால் வியர்த்துத் தாள் நனையும். புகைப்படங்களை இதில் போட வேண்டாம். பூச்சி உருண்டையையும் நான் விட்டுவிட்டேன், மணம் தாளில் ஏறும், வீட்டாருக்கும் நல்லதல்ல. பச்சை வேப்பிலை வைப்பவர்கள் ஈரத்தையும் சேர்த்தே வைக்கிறார்கள்.

பிறகு பெட்டியை நிலத்தில் வைக்காமல் கல்லிலோ பலகையிலோ ஏற்றி, சுவரில் முட்டாமல் வையுங்கள், கறையான் சுவரோரமாகத்தான் ஏறி வரும். தனித் தாள்களுக்கு பிபி (PP) என்றோ 5 என்றோ குறி போட்ட தெளிந்த உறை போதும். புதுப் பிளாஸ்டிக் மணம் குப்பென்று அடிக்கிற பிவிசி உறை வேண்டாம், அது மையையே உரித்தெடுக்கும். ஐப்பசி கார்த்திகை மழைக்கு முன் ஒருமுறையும் தை மாசியில் ஒருமுறையும் திறந்து பாருங்கள், காற்றாட விடுவது நிழலில்தான், வெயிலில் அல்ல.

கொழும்புக்காரருக்கு விற்பது உங்கள் விருப்பம், ஆனால் விளம்பரம் மட்டும் கேட்பவர் இதழை உடைக்கப் போகிறார். கொடுத்தால் முழு இதழாகக் கொடுங்கள், கொடுக்கும் முன் ஸ்கான் பண்ணுங்கள். ஈழகேசரியை இப்போதைக்கு விற்கவே வேண்டாம். இலங்கைத் தமிழ் அச்சை எண்ணிமமாக்கும் நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் உங்களிடம் உள்ள இதழ்கள் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள், இல்லாதவற்றை ஸ்கான் பண்ணக் கொடுக்கலாம்.

அப்புறம், பெட்டிக்கு அடியில் அந்தியேட்டிக்கு, அதாவது 31ஆம் நாள் கிரியைக்கு, செத்தவரின் நினைவாக அச்சடித்த கல்வெட்டுப் புத்தகங்கள் கிடக்கும், அவற்றைச் செத்தவீட்டுப் பொருள் என்று ஒதுக்கிவிடாதீர்கள். வம்சாவளி, ஊர், எந்த அச்சகம், எந்த ஆண்டு என்று எல்லாம் அதில் இருக்கும். சுருட்டு லேபலைத் தண்ணீரில் ஊறவைத்து உரிக்கவும் வேண்டாம், சாயம் கரைந்துவிடும். கலியாணக் காட்டை உறையோடு வையுங்கள், தபால் முத்திரையில் தேதி இருக்கிறது.