பழைய கிட்டார் பாகத்தில் இருக்கும் தேதி எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: 1964 ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் இருந்து கழற்றியது என்று சொல்லி ஒருவர் வயரிங் செட்டும் மூன்று பிக்கப்பும் (தந்தியின் அதிர்வை மின்சைகையாக மாற்றும் காந்தச் சுருள்) விற்கிறார், வால்யூம் பாட் (குமிழுக்கு அடியில் இருக்கும், திருப்பினால் மின்தடை மாறும் பாகம்) முதுகில் 64 என்று படிக்கும்படி தேதி எண் இருக்கிறது, அதை வைத்து வாங்கலாமா? அதை மட்டும் வைத்து வாங்காதீர்கள். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே எண்ணை நம்பி நானும் ஒரு முறை ஏமாந்திருக்கிறேன்.

முதலில் எண்ணைப் படிக்கும் முறை. முதல் மூன்று இலக்கம் தயாரித்த நிறுவனம்: 137 என்றால் சிடிஎஸ், 304 என்றால் ஸ்டாக்போல், 134 என்றால் சென்ட்ராலாப். அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டு, கடைசி இரண்டு அந்த ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பது. 1376612 என்று இருந்தால் சிடிஎஸ் 1966ஆம் ஆண்டின் 12ஆவது வாரத்தில், அதாவது மார்ச்சில் செய்தது. 1950களின் பாட்களில் ஆண்டுக்கு ஒரே ஓர் இலக்கம்தான் இருக்கும். 304732 என்றால் 1957, 32ஆவது வாரம். வாரத்தின் இடத்தில் 52க்கு மேல் ஏதாவது இருந்தால் ஒன்று நீங்கள் தப்பாகப் படிக்கிறீர்கள், இல்லை யாரோ கணக்குத் தெரியாமல் அச்சடித்திருக்கிறார்கள்.

சரி, இந்த எண் எதைச் சொல்கிறது? அந்த பாட் எப்போது செய்யப்பட்டது என்பதை. கிட்டார் எப்போது செய்யப்பட்டது என்பதைச் சொல்லவில்லை. தேதிக்கு முன்னால் கிட்டார் அந்த பாட்டுடன் வெளிவந்திருக்க முடியாது, அவ்வளவுதான். பின்னால் எவ்வளவு நாள் கழித்தும் வந்திருக்கலாம். 1965 ஜனவரியில் ஃபெண்டரை சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒலிபரப்பு நிறுவனம் வாங்கிய பிறகு, 1966 வாக்கில் சிடிஎஸ் பாட்களை மலை மாதிரி வாங்கிக் குவித்தார்கள், அந்தக் கையிருப்பு பல வருடம் ஓடியது. 1969 ஃபெண்டரில் 66 என்று போட்ட பாட் இருந்தால் யாரும் மாற்றவில்லை என்றே பொருள் கொள்ளலாம். இது தெரியாமல் நல்ல கிட்டாரை 'பாகம் மாற்றியது' என்று தள்ளிவிட்டவர்களும் உண்டு, 69ஐ 66 என்று நம்பிக் கூடுதல் விலை கொடுத்தவர்களும் உண்டு.

இப்போது என் கதை. 'ஸ்ட்ராட்டில் இருந்து எடுத்தது' என்று ஒருவர் சொன்னதை நம்பி 66ஆம் ஆண்டு சிடிஎஸ் பாட் மூன்று வாங்கினேன். எண் தெளிவாக இருந்தது, தகரத்தின் பழுப்பு இயல்பாக இருந்தது, மின்தடை மதிப்பும் 250கே (2,50,000 ஓம்). வீட்டுக்கு வந்ததும் ஸ்ட்ராட் குமிழை அழுத்திப் பார்த்தேன், ஏறவில்லை. ஸ்ட்ராட் குமிழ் பிளாஸ்டிக், அழுத்தி ஏற்றுவது, அதற்கான தண்டு நடுவில் பிளந்து ஓரத்தில் பல் வெட்டி இருக்கும். என்னிடம் இருந்தது வழவழவென்ற முழுத் தண்டு. லென்ஸ் வைத்துப் பார்த்தால் தண்டின் பக்கவாட்டில் ஒரு சின்ன கடிவாய், பக்கத் திருகு இறுக்கிய இடம். ஃபெண்டரின் இன்னொரு கிட்டாரான டெலிகாஸ்டரின் குமிழ், ஃபெண்டர் ஆம்ப் (ஒலிபெருக்கி) குமிழ் போன்றவற்றுக்குத்தான் பக்கத் திருகு. மூன்று பாட் முதுகிலும் தரைக்கம்பி வைத்த சால்டர் (ஈயப் பற்று) வேறு பளபளவென்று புதிதாக இருந்தது, அதற்கு அடியில் பழைய ஃப்ளக்ஸ் (சால்டர் ஒட்ட உதவும் பிசின்) கறை வேறு வடிவத்தில் வேறு இடத்தில் இருந்தது. ஏதோ ஓர் ஆம்ப்பின் பாட்களாக இருக்கலாம். விற்றவர் சொன்ன வருடத்தில் பொய் இல்லை, கிட்டாரில்தான் பொய். அவருக்கே தெரியாமலும் இருந்திருக்கலாம், நான் கேட்கவில்லை, பணமும் திரும்பவில்லை.

அதிலிருந்து எண்ணைக் கடைசியாகத்தான் பார்க்கிறேன். முதலில் பார்ப்பது சால்டர். தொழிற்சாலையில் வைத்த சால்டர் அறுபது வருடத்தில் மங்கி, சாம்பல் பூத்து, மேலே மெல்லிய அழுக்குடன் இருக்கும். அதைச் சுற்றி ஃப்ளக்ஸ் காய்ந்து தேன்நிறமாக நிற்கும். ஒரு பாட் மங்கலாகவும் பக்கத்தில் இருப்பது கண்ணாடி போலவும் இருந்தால் அங்கே யாரோ கை வைத்திருக்கிறார்கள். கம்பி துணி உறை போட்டதா, பிளாஸ்டிக்கா? 1964க்குத் துணிதான் இருக்க வேண்டும், 60களின் கடைசியில்தான் பிளாஸ்டிக் வந்தது. பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் ஸ்விட்சில் எத்தனை நிலை? ஃபெண்டர் 1977இல்தான் ஸ்ட்ராட்டுக்கு ஐந்து நிலை ஸ்விட்ச் போட ஆரம்பித்தது, அதற்கு முன் மூன்றே. மாற்றியிருந்தால் பெரிய குற்றம் இல்லை, பலரும் மாற்றியிருக்கிறார்கள், ஆனால் 'யாரும் தொடாத செட்' என்ற பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

பிக்கப்பில் 1964 கொஞ்சம் சங்கடமான வருடம். அந்த வாக்கில்தான் அடித்தட்டு கறுப்பிலிருந்து சாம்பல் நிறத்துக்கு மாறியது, சுருள் கம்பியின் காப்புப் பூச்சும் ஃபார்ம்வாரில் இருந்து சாதா எனாமலுக்கு மாறியது. ஃபார்ம்வார் வெளிறிய செம்பு நிறத்தில் தெரியும், எனாமல் இருண்ட ஊதாவும் பழுப்பும் கலந்தது போல இருக்கும். ஆகவே உங்கள் செட்டில் கறுப்பு இருந்தாலும் சரி, சாம்பல் இருந்தாலும் சரி, அது மட்டும் எதையும் நிரூபிக்காது. மூன்றும் ஒரே மாதிரி வயதாகியிருக்கிறதா என்று பாருங்கள். கம்பி வெளியே வரும் துளை, துணிக் கம்பியில் ஏறிய மஞ்சள், அடித்தட்டின் ஓரம், இது மூன்றும் ஒத்துப் போக வேண்டும். ஒரு பிக்கப்பின் துணி மட்டும் வெள்ளை வெளேரென்று இருந்தால் கம்பி மாற்றியது, அல்லது சுருளையே புதிதாகச் சுற்றியது. சுற்றியதாக இருந்தால் சொல்லி விற்க வேண்டும். ஒலி நன்றாகவே இருக்கலாம், விலை வேறு.

பிக்கப்பின் மின்தடையை மீட்டர் வைத்துப் பார்த்தால் 5.8கே காட்டுகிறது, அதனால் உண்மையானது என்று ஒருவர் நிச்சயம் எழுதுவார். இன்றைக்குச் சுற்றினாலும் 5.8 காட்டும் ஐயா. இன்னொன்று, செம்பின் மின்தடை ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரியில் 6.0 காட்டிய அதே பிக்கப் 30 டிகிரியில் சுமார் 6.23 காட்டும். குளிர் அறையில் ஒருவர் எடுத்த அளவையும் வெயில் நாளில் நீங்கள் எடுத்த அளவையும் ஒப்பிட்டுச் சண்டை போடாதீர்கள்.

பிக்கப்பில் ஒட்டும் சீட்டு போல எளிதாகப் போலி செய்யக்கூடிய விஷயமும் இருக்கிறது. கிப்சன் நிறுவனத்தின் ஹம்பக்கரை (இரைச்சலைக் குறைக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்) கண்டுபிடித்த சேத் லவர் 1955இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், அது கிடைத்தது 1959இல். ஆனால் 'காப்புரிமை விண்ணப்பித்துள்ளோம்' என்ற சீட்டு 1957 வாக்கில் ஆரம்பித்து 1962 வரை ஒட்டப்பட்டது. அதற்குப் பிறகு எண் போட்ட சீட்டு வந்தது, அதில் இருந்த 2,737,842 என்ற எண் ஹம்பக்கருடையதே இல்லை, கிட்டார் கலைஞர் லெஸ் பாலின் வால்தாங்கிக்கான (தந்திகளின் பின்முனையைப் பிடிக்கும் பாகம்) காப்புரிமை எண். உண்மையான எண் 2,896,491. 'சரியான எண்' அச்சடித்த சீட்டை அந்தக் காலத்துப் பிக்கப்பில் யாராவது காட்டினால் எனக்குச் சிரிப்புதான் வரும், போலி செய்தவர் தொழிற்சாலையை விட ஒழுங்காக வேலை பார்த்திருக்கிறார்.

அந்த 1964 செட்டுடன் பிக்கார்டும் (பிக்கப்களும் பாட்களும் பொருத்தப்படும் முன்புறத் தட்டு) வந்தால் மோந்து பாருங்கள். 1959இல் இருந்து 1964, 65 வரை வந்த பச்சை சாயல் பிக்கார்டு செல்லுலாய்டு, விரலால் தேய்த்தால் கற்பூர வாசனை வரும். காலப்போக்கில் சுருங்கும், அதனால் திருகுத் துளைகள் உடலில் உள்ள துளைகளோடு நேராக நிற்காது, ஓரத்தில் விரிசல் கூட விடும். துளைகள் கச்சிதமாகப் பொருந்தினால் எனக்குச் சந்தேகம் வரும். சூடான ஊசியைக் குத்திப் பார்க்கும் சோதனையை மட்டும் செய்யாதீர்கள், செல்லுலாய்டு சட்டெனப் பற்றிக்கொள்ளும்.

திருகுகளையும் விடாதீர்கள். தலையில் உள்ள பள்ளம் தேய்ந்திருக்கிறதா, துரு எங்கே இருக்கிறது? நிஜமான துரு கை படும் இடத்திலும் வியர்வை இறங்கும் பக்கத்திலும்தான் பிடிக்கும், அடியில் அவ்வளவாக இருக்காது. அமிலத்தில் முக்கியெடுத்த திருகில் மேலும் கீழும் ஒரே மாதிரி துரு இருக்கும்.

விற்பவரிடம் கேட்க வேண்டியது இதுதான்: செட்டைக் கழற்றும் முன் பிக்கார்டுடன் எடுத்த படம் இருக்கிறதா, ஒவ்வொரு பாட் முதுகும் சால்டரோடு கிட்டத்தில் தெரிகிற படம், தண்டின் பக்கவாட்டுப் படம், பிக்கப் மூன்றின் அடித்தட்டும் ஒரே வெளிச்சத்தில். நேர்மையானவர் சலித்துக்கொண்டாவது அனுப்புவார். 'எல்லாம் துடைத்து, புது சால்டர் வைத்து ரெடி பண்ணி வைத்திருக்கிறேன்' என்று பதில் வந்தால் பாட்களின் விலையைத் தனியாகவும் பிக்கப்களின் விலையைத் தனியாகவும் பேசுங்கள், '1964 செட்' என்பதற்காக அவர் சேர்த்திருக்கும் தொகையைக் கொடுக்காதீர்கள்.