முதிரை என்றால் எந்த முதிரை?

கேள்வி இதுதான்: "வன்னிக் காட்டு மரங்களுக்கெல்லாம் எங்கள் ஆட்களிடம் பெயர் இருக்கிறது. பிறகு ஏன் ஆராய்ச்சிக்காரர் லத்தீன் பெயரோடு வருகிறார்கள்? பெயர் எழுதி வைப்பதால் காடு மிஞ்சுமா?"

கேட்டவரின் குரலில் கொஞ்சம் கோபம் இருக்கிறது. அது நியாயமான கோபம். நான் வட இலங்கையில், வன்னியின் ஒட்டுசுட்டான் பக்கம். தாவரவியல் படித்துவிட்டு, சில வருடங்களாகக் காட்டுத் தாவரக் கணக்கெடுப்புகளில் வேலை செய்கிறேன். எந்த மரத்தையும் பார்த்தவுடன் பெயர் சொல்லும் பெரியவர்களுக்கு நடுவில் வளர்ந்தவள். அதனால் இரண்டு பக்கத்துக்காகவும் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் லத்தீன் பெயர் ஏன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒருமுறை முதிரை மரத்தின் படம் ஒன்றை இணையத்தில் போட்டிருந்தேன். நாகர்கோவில் பக்கத்து நண்பர் ஒருவர், "முதிரை என்றால் கொள்ளுதானே, இது என்ன பெரிய மரம்?" என்று கேட்டார். அவர் சொன்னதும் சரி. அவர்கள் ஊரில் முதிரை தானியம். எங்கள் ஊரில் முதிரை என்றால் கதவு, யன்னல், நிலை. பலகையைச் சீவினால் பொன் நிறத்தில் பட்டுப்போல மினுங்கும். இதே மரம் தமிழ்நாட்டில் பொரசு, சிங்களத்தில் புருத. பாலையும் இப்படித்தான். நாங்கள் பாலைப்பழம் என்று சப்புகிற மரம் ஒன்று. தமிழ்நாட்டில் பாலை என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது வெப்பாலை அல்லது ஏழிலைப்பாலை. எங்கள் பாலையை அங்கே உலக்கைப்பாலை என்பார்கள். மூன்று ஊர் ஆட்கள் ஒரு மரத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் மூவருக்கும் பொதுவாக ஒரு பெயர் வேண்டும். குளோரோக்சிலோன் ஸ்வீட்டேனியா என்று சொன்னால் அது முதிரை மட்டும்தான், வேறொன்றும் இல்லை.

அந்த நீளமான பெயருக்குள் ஒரு கதையும் இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் சோழமண்டலக் கரையில் வேலை செய்த தாவரவியலாளர் ராக்ஸ்பர்க், முதிரையை மகோகனிக்குச் சொந்தம் என்று நினைத்து, மகோகனியின் பேரினமான (நெருங்கிய இனங்களைச் சேர்த்த கூட்டம்) ஸ்வீட்டேனியாவுக்குள் வைத்தார். பிற்பாடுதான் அது தனிப் பேரினம் என்று பிரித்தார்கள். பழைய எண்ணத்தின் அடையாளம் பெயரின் பின்பாதியில் அப்படியே நிற்கிறது. உண்மையில் முதிரை எந்தக் குடும்பம் என்று கண்டுபிடிக்க உங்களுக்கு நுணுக்குக்காட்டி தேவையில்லை. ஒரு சிறு இலையைப் பறித்து வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோலப் புள்ளி புள்ளியாக வெளிச்சம் தெரியும். பிறகு கசக்கி மணந்து பாருங்கள். எலுமிச்சை, விளா, கறிவேப்பிலை எல்லாம் சேர்ந்த குடும்பம் அது. அந்தப் புள்ளிகள் எண்ணெய்ச் சுரப்பிகள். எலுமிச்சை இலையிலும் அதே புள்ளிகள் உண்டு. இதைக் காட்டினால் பாடசாலைப் பிள்ளைகளின் முகம் மாறுவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன்.

லத்தீன் பெயர் என்றவுடன் அந்நியம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். முருங்கையிலிருந்து வந்ததுதான் மொரிங்கா. தேக்கிலிருந்து டெக்டோனா, புங்கத்திலிருந்து பொங்கேமியா, பாவட்டையிலிருந்து பவெட்டா. எங்கள் பாலையின் பேரினமான மணில்காரா மலையாளச் சொல். 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு பாகங்களாக வந்த, கேரளத் தாவரங்களைப் பற்றிய ஹோர்ட்டஸ் மலபாரிகஸ் என்ற நூலில் அந்தச் சொல் பதிவானது. அந்த நூலுக்குத் தாவரங்களையும் பெயர்களையும் சொல்லிக் கொடுத்தவர்களில் முக்கியமானவர் இட்டி அச்சுதன் என்ற வைத்தியர். ஆக, அறிவியல் பெயர்களின் அடியில் எங்கேயோ ஒரு ஊர் வைத்தியரின் வாய்ச்சொல் கிடக்கிறது.

இலங்கைக் கதை கொஞ்சம் வேறு. 1672இல் ஒல்லாந்துக் கம்பனியின் மருத்துவராகக் கொழும்புக்கு வந்த பவுல் ஹெர்மன், செடிகளை உலர்த்தித் தாள்களில் ஒட்டிச் சேர்த்தார். அவர் இறந்த பிறகு அந்தச் சேகரம் பல வருடம் யார் கையில் இருக்கிறது என்றே தெரியாமல் கிடந்தது. கடைசியில் அது, இந்த லத்தீன் பெயர் முறையை நிலைநாட்டிய சுவீடன்காரர் லின்னேயஸிடம் போய்ச் சேர, அவர் அதை வைத்து 1747இல் ஃப்ளோரா சைலானிக்கா என்ற நூலை எழுதினார். இலங்கை மண்ணை மிதிக்காமலே எழுதினார். எழுபது வருடத்துக்கு முன் ஒருவர் ஒழுங்காக உலர்த்தி ஒட்டிய இலைகள் அவருக்குப் போதுமாக இருந்தன. அந்தத் தாள்கள் இன்றும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பெயர் என்று நாங்கள் சொல்வதன் முதுகெலும்பு இந்தத் தாள்தான். ஏறக்குறைய ஒவ்வொரு இனத்தின் பெயரும் எங்கோ ஓர் அலுமாரியில் இருக்கும் ஒரு மாதிரியோடு கட்டப்பட்டிருக்கிறது. சந்தேகம் வந்தால் அதை எடுத்துப் பார்க்கலாம்.

இனி என் மனதுக்கு நெருக்கமான விஷயத்துக்கு வருகிறேன்.

அப்படி ஒரு தாளைத் தயாரித்தால் கீழே வலது மூலையில் ஒரு சீட்டு ஒட்டுவோம். இனப்பெயர், இடம், திகதி, சேகரித்தவர், அப்புறம் "உள்ளூர்ப் பெயர்" என்று ஒரு வரி. பல சீட்டுகளில் அந்த வரி வெறுமையாக இருக்கும். நானும் தொடக்கத்தில் வெறுமையாகவே விட்டிருக்கிறேன்.

நெடுங்கேணிக்கு அண்மையில் ஒரு கணக்கெடுப்பு. எங்களோடு வழிகாட்ட ஒரு பெரியவர் வந்தார். தேன் எடுக்கவும் மாடு தேடவும் வாழ்நாள் முழுக்கக் காட்டில் நடந்தவர். நான் அவரை அப்பு என்று கூப்பிடுவேன். கறுத்த பட்டையோடு நின்ற ஒரு மரத்துக்கு நாங்கள் கருங்காலி என்று எழுதி இலக்கம் கட்டிவிட்டோம். பூவும் இல்லை, காயும் இல்லை. அப்பு கொஞ்சநேரம் பேசாமல் நின்றார். பிறகு, "உது கருங்காலியில்லைப் பிள்ளை. உது வெடுக்குநாறி" என்றார். கத்தியால் ஒரு சிறு கொப்பைச் சீவி என் மூக்குக்கு நேரே நீட்டினார். பச்சை மீன் கழுவிய தண்ணீர்போல ஒரு வாடை. "கருங்காலி இப்பிடி மணக்காது. ஆரும் சொல்லித் தரேல்லையோ?"

பிறகு ஒப்பிட்டுப் பார்த்தபோது அவர் சொன்னது சரி. கருங்காலியின் அதே பேரினம், வேறு இனம். எங்கள் புத்தகம் பூவின் இதழையும் காயின் புல்லியையும் எண்ணச் சொல்கிறது. பூக்காத காலத்தில் அந்தப் புத்தகத்துக்கு வாய் இல்லை. அப்பு சொன்ன பெயர் எந்தக் காலத்திலும் பேசும். வெட்டு, மணந்து பார் என்று செய்முறையே அந்தப் பெயருக்குள் இருக்கிறது. வவுனியா வடக்கில் வெடுக்குநாறி மலை என்று ஒன்று இருப்பது எல்லோருக்கும் தெரியும். அந்தப் பெயரைக் காலம்காலமாகச் சொல்லிக்கொண்டு மரத்தைத் தெரியாமல் இருந்திருக்கிறோம்.

வன்னியின் ஊர்ப்பெயர்களை இந்தக் கண்ணோடு பாருங்கள். பூவரசங்குளம், ஈச்சங்குளம், நொச்சிமோட்டை, மகிழங்குளம், மருதோடை, இரணை இலுப்பைக்குளம், கூழாமுறிப்பு. ஒவ்வொன்றிலும் ஒரு மரமும் ஒரு நீரும் சேர்ந்திருக்கின்றன. ஓடைக்கரையில் மருது, உடைந்த குளத்தடியில் கூழா. எந்த மரம் எந்த ஈரத்தில் நிற்கும் என்பதை ஆராய்ச்சிக் கட்டுரையில் நாங்கள் பல பக்கம் எழுதுவோம். முன்னோர் அதை ஒரு சொல்லில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஆனால் அந்தச் சொற்களைச் சொல்ல வாய் வேண்டுமே. 1983 முதல் 2009 வரை வெளியூர் ஆய்வாளர்கள் இந்தக் காட்டுக்குள் சுலபமாக வரமுடியவில்லை. போர் முடிந்த பிறகும் கண்ணிவெடிப் பலகைகள் நெடுநாள் நின்றன. அதைவிடப் பெரிய இழப்பு எங்கள் பக்கத்தில் நடந்தது. இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, திரும்பி வந்த பிள்ளைகள் பெரியவர்களோடு காட்டுக்குப் போய்ப் பழகவே இல்லை. என் தம்பிக்கு பாலை, முதிரை, வேம்பு தெரியும். வீரை தெரியாது, யாவறணை தெரியாது, காயா தெரியாது. பார்த்தீனியத்தை நன்றாகத் தெரியும். வெளிநாட்டிலிருந்து வந்த களை, அதன் அறிவியல் பெயரே ஊர்ப்பெயராகிவிட்டது. சொந்தக் காட்டின் மரத்துக்குப் பெயர் தெரியாத பிள்ளைக்கு வந்து குடியேறிய களையின் பெயர் தெரிகிறது என்பது என்னை உண்மையாகவே வருத்துகிற விஷயம்.

சரி, இரண்டாவது கேள்வி. பெயர் எழுதினால் காடு மிஞ்சுமா?

எழுதினால் மட்டும் மிஞ்சாது. ஆனால் எழுதாத காடு முதலில் போகும். சில வருடங்களுக்கு முன் எங்கள் பகுதியில் கிரவல் எடுப்பதற்கு ஓர் இடத்தைப் பார்த்தார்கள். அதற்காக யாரோ தயாரித்த அறிக்கையைக் கையில் எடுத்தபோது தாவரங்கள் என்ற தலைப்பின் கீழ் ஒரே வரி: "பற்றைக்காடு, ஆங்காங்கே சில மரங்கள்." நானும் இரண்டு மாணவர்களும் அப்புவும் ஒரு காலை முழுக்க அங்கே நடந்தோம். இரண்டு தாள் நிரம்பியது. பாலை, வீரை, காயா, குருந்து, விண்ணாங்கு, பனிச்சை, பற்றைக்குள் மறைந்திருந்த முதிரைக் கன்றுகள். ஊர் அமைப்பு அந்தத் தாள்களை மனுவோடு இணைத்துக் கொடுத்தது. முழு இடமும் தப்பவில்லை. குளத்து அலைகரையோடு இருந்த பகுதியை விட்டுவிட்டார்கள். பற்றைக்காடு என்ற சொல்லோடு எவரும் வாதாட முடியாது. முதிரைக் கன்று என்று எழுதினால் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் ஒரு நிமிடம் நிற்கத்தான் வேண்டும். முதிரையை 1998இலேயே, அழிவாபத்தை மதிப்பிடும் உலகச் செம்பட்டியலில் அழியக்கூடிய நிலைக்கு உட்பட்ட இனமாகச் சேர்த்திருந்தார்கள்.

தெற்கில் நடந்த ஒன்றும் இதற்குச் சாட்சி. கிரூடியா சைலானிக்கா என்று ஓர் அவரைக் குடும்ப மரம். 2012இல் வந்த இலங்கைச் செம்பட்டியல் 3,000க்கு மேற்பட்ட பூக்கும் தாவரங்களை மதிப்பிட்டபோது இதை அழிந்துபோனதாகக் கருதியது. 2019இல் கம்பகா மாவட்டத்தில் ஒரு மரம் நிற்பதைக் கண்டுபிடித்தார்கள். 2021இல் அதிவேக வீதிக்காக அதை வெட்டப் போனபோது நாடே சத்தம் போட்டது, வெட்டு நின்றது. கோடரிக்கும் அந்த மரத்துக்கும் நடுவில் நின்றது அதன் பெயர்.

வன்னியில் உலகத்தில் வேறெங்கும் இல்லாத இனங்கள் நிறைய இருக்கின்றன என்று நான் சொல்லமாட்டேன். இலங்கைக்கே உரிய இனங்களில் பெரும்பங்கு தென்மேற்கின் மழைக்காடுகளில்தான். எங்கள் காட்டின் பெறுமதி வேறு. பாலையும் வீரையும் காயாவும் சேர்ந்து நிற்கும் இதே வகைக் காடு தமிழ்நாட்டுக் கரையோரத்திலும் இருந்தது. இன்று மரக்காணம், புதுக்கோட்டை பக்கங்களில் கோயில்காடுகளாகத் துண்டு துண்டாக மிஞ்சியிருக்கிறது. அங்கே ஐயனார் காப்பாற்றிக்கொண்டிருக்கும் சில ஏக்கர், இங்கே இன்னும் மணிக்கணக்கில் நடக்கக்கூடிய காடாக இருக்கிறது. 2015இல் மடு வீதியும் சுண்டிக்குளமும் தேசிய பூங்காக்களாகின. அது நல்லது. ஆனால் பூங்கா எல்லைக்கு வெளியே, குளங்களுக்கு மேலே நிற்கும் காட்டைப் பற்றித்தான் எனக்குக் கவலை. குளத்துக்குத் தண்ணீர் வருவது அங்கிருந்துதான்.

கேள்வி கேட்டவரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் காடு தெரிந்த பெரியவர் இருந்தால் அவரோடு ஒரு நாள் நடவுங்கள். பூ அல்லது காயோடு ஒரு சிறு கொப்பை எடுத்துப் பழைய பத்திரிகைத் தாளுக்குள் விரித்து மேலே பாரம் வையுங்கள். தினமும் தாளை மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பாலைக் கொப்பு என்றால் பால் வடிந்து தாளோடு ஒட்டிக்கொள்ளும், முதல் நாள் இரண்டு தடவை மாற்றுங்கள். இலையின் இரண்டு பக்கத்தையும் பட்டையையும் படம் எடுங்கள். எந்த ஊர், எந்தக் குளம், அலைகரையா மேட்டுக்காடா என்று எழுதுங்கள். பெயரை அவர் வாயில் வந்தபடியே எழுதுங்கள், திருத்த வேண்டாம். சொன்னவரின் பெயரையும், அவர் சம்மதித்தால், எழுதுங்கள். பிறகு அருகிலுள்ள பல்கலைக்கழகத் தாவரவியல் பிரிவில் கொண்டுபோய்க் கொடுங்கள். 1893 தொடக்கம் வெளிவந்த டிரைமனின் இலங்கைத் தாவர நூலில் சிங்களப் பெயரோடு தமிழ்ப் பெயரும் அச்சாகியிருக்கிறது. யாரோ சொல்ல, யாரோ கேட்டு எழுதியதால்தான் அவை இன்று எங்களிடம் இருக்கின்றன.

அப்பு சொன்ன பெயர்களில் ஒன்றை மட்டும் எந்தப் புத்தகத்தோடும் என்னால் பொருத்த முடியவில்லை. ஓடைக்கரையில் ஒரு கொடி, இலை மட்டும்தான் கிடைத்தது. மார்கழி மழை விட்டபிறகு பூக்கும் என்கிறார். தையில் மறுபடி போகிறோம்.