கிழவி எப்போது சாக வேண்டும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதேர் பாஞ்சாலியை நான் முதலில் சத்யஜித் ராயின் படமாகத்தான் பார்த்தேன், கல்லூரிக் காலத்தில். அதன் மூலமான விபூதிபூஷணின் வங்க நாவலைத் தமிழில் வாசித்து முடித்தது போன மாதம். முடித்ததிலிருந்து படத்தின் மேல் ஒரு கோபம்.

நாவலில் உறவுக்காரக் கிழவி இந்திர் தாக்ரூண் முதல் பகுதியிலேயே இறந்துவிடுகிறாள். கதையின் நாயகன் அபு அப்போது கைக்குழந்தை. படத்திலோ பாதிப் படம் தாண்டும்வரை அவளை உயிரோடு வைத்திருந்து, பிள்ளைகள் கையாலேயே பிணத்தைத் தொட வைக்கிறார் ராய். பார்ப்பவரை அழவைக்கச் செய்த வேலை என்றே எனக்குப் படுகிறது. இதனால் அபுவின் அம்மா சர்வஜயா கிட்டத்தட்ட வில்லி ஆகிவிடுகிறாள்.

அபு விஷயம் இன்னும் மோசம். நாவலில் அவன் மனசுக்குள் ஒரு உலகமே வளர்கிறது. தேர்ச்சக்கரம் மண்ணில் புதைந்த கர்ணனுக்காக உருகுகிறான். படத்தில் கண்ணை விரித்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறான், அவ்வளவுதான். நாவலில் வளரும் பாத்திரம் படத்தில் வளரவே முடியாதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கோபம் எனக்கும் இருந்தது, தலைகீழாக. நான் நாவலைப் படித்துவிட்டுப் படத்துக்குப் போனவன். கிழவி இன்னும் சாகாமல் இருக்கிறாளே என்ற நினைப்பிலேயே பாதிப் படம் போய்விட்டது.

முதலில் நாவலில் அந்தச் சாவு என்ன செய்கிறது என்று பாருங்கள். விபூதிபூஷண் அந்தப் பகுதியை முடிக்கும் விதம் நினைவிருக்கும்: இந்திர் தாக்ரூண் போனதோடு நிச்சிந்திபூர் கிராமத்தில் அந்தக் காலமே முடிந்துவிட்டது என்கிறார். அவருக்கு அவள் ஒரு காலம். விதவை, பழைய பாட்டும் பழைய கதையும் தெரிந்த கடைசி ஆள். அந்தக் காலத்தை அடக்கம் செய்துவிட்டுத்தான் அவரால் பிள்ளைகளின் கதைக்குள் நுழைய முடிகிறது. எனவே நாவலில் அவள் சீக்கிரம் சாக வேண்டியவள்தான்.

ராய்க்கு அவள் தேவைப்பட்டது வேறு ஒன்றுக்கு. ஒரு சோதனை செய்து பாருங்கள். படத்திலிருந்து அவளை முதல் இருபது நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். அப்புறம் சர்வஜயா யார்? கடனுக்கும் அரிசிக்கும் அல்லாடுகிற ஒரு தாய். பாவப்பட்டவள், நல்லவள். அதற்கு மேல் அவளைப் பற்றி நமக்கு எதுவும் தெரியப் போவதில்லை. நாவலாசிரியர் அவள் மனசுக்குள் போய் உட்கார்ந்து நமக்குச் சொல்லிவிடலாம். படக்காரருக்கு அந்த வசதி இல்லை. அவள் யாரிடம் கெட்டவளாக இருக்கிறாள் என்று நம் கண்ணில் காட்டியாக வேண்டும். அதற்குத் திருப்பிப் பேச வலுவில்லாத ஒரு ஆள் அதே முற்றத்தில் இருக்க வேண்டும்.

அந்தத் தண்ணீர் காட்சியை மட்டும் மறுபடி போட்டுப் பாருங்கள். உடம்புக்கு முடியாமல் கிழவி திரும்பி வருகிறாள். சொந்த மண்ணிலேயே சாகிறேனே என்கிறாள். சர்வஜயா இடம் கொடுக்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டால், நீயே எடுத்துக் குடி என்கிறாள். கிழவி குடிக்கிறாள். செம்பில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அதை முற்றத்து ஓரத்தில் இருக்கிற சின்னச் செடிக்கு ஊற்றிவிட்டுப் போகிறாள். பின்னணியில் ஒரு வார்த்தை விளக்கம் கிடையாது. சர்வஜயாவின் முகத்தை அப்போது பார்த்தால், அவளுக்கே தன்னைப் பிடிக்கவில்லை என்று தெரிகிறது. ஆனாலும் கூப்பிடவில்லை. கூப்பிட ஒரு வினாடி இருந்தது, அதை அவள் விட்டுவிட்டாள். வில்லி என்கிறீர்களே, வில்லிக்கு இந்த ஒரு வினாடி இருக்காது. சர்வஜயாவாக வரும் கருணா பானர்ஜியின் நடிப்பில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இந்த இடத்தைத்தான்.

கிழவியாக நடித்த சுனிபாலா தேவிக்கு எண்பது வயது இருக்கும். மேடையிலும் பழைய படங்களிலும் நடித்து எப்போதோ ஒதுங்கிவிட்டவர். 'ஹரி, பொழுது போச்சு, சாயங்காலமாச்சு, என்னைக் கரையேத்து' என்று வரும் பாட்டைப் படத்தில் அவரேதான் பாடினார். படம் வங்கத்தில் வெளியானது 1955 ஆகஸ்டில். அந்த வெளியீட்டைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை.

ரயிலும் மாறியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நாவலில் அக்கா துர்காவும் தம்பி அபுவும் வெளிகளில் ஓடி ஓடித் தேடியும் ரயில் பார்க்கக் கிடைக்கவில்லை. துர்கா கடைசிவரை ரயிலைப் பார்க்காமலே சாகிறாள். நாவலில் அந்த ஏக்கம் பல பக்கங்களுக்கு நீண்டுகொண்டே போகிறது. படத்தில் நாணல் பூக்களுக்கு அப்பால் கரும்புகையோடு ரயில் வந்துவிடுகிறது. பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில்தான் மூங்கில் தோப்பில் உட்கார்ந்திருக்கிற கிழவியை துர்கா விளையாட்டாக அசைக்கிறாள். உடம்பு சரிகிறது, செம்பு உருண்டு தண்ணீரில் விழுகிறது. இந்த மாற்றத்தில் துர்காவுக்கு நஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். அவளுடைய நிறைவேறாத ஆசையை எடுத்து ராய் வேறு ஒன்றுக்குச் செலவழித்துவிட்டார். ஆனால் அந்தக் காட்சிக்கு முன்னால் எனக்கு வாதாட வாய் வருவதில்லை.

இனி அபு. 'கண்ணை விரித்துப் பார்க்கிறான்' என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான், பையனுக்கு நடிக்கத் தெரியாது. நாணல் காட்டில் அவன் தயங்கித் தயங்கி நடப்பதற்காக ராய் வழியில் சுள்ளிகளைப் போட்டுத் தாண்டச் சொன்னார். அங்கங்கே ஆட்களை நிறுத்தி அவனைக் கூப்பிட வைத்துத் திரும்பிப் பார்க்கச் செய்தார். நாம் வியக்கும் அந்தத் தயக்கம் சுள்ளியில் பிறந்தது.

பையனை அவர் நமக்கு முதலில் காட்டுவதே ஒரு கண்ணாகத்தான். போர்வைக்குள் தூங்குகிறவனின் இமையை துர்கா விரித்துவிடுகிறாள். அதிலிருந்து அவன் எல்லாவற்றையும் பார்க்கிறவன்தான்: அம்மா அக்காவின் முடியைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளுவது, ஊர்க்கூத்து, ரயில், பிணம். கர்ணனை விட்டுவிட்டாரே என்று உங்களுக்கு வருத்தம். அந்த இடத்தில் கூத்து வருகிறது. கூத்துப் பார்த்துவிட்டு வந்த பையன் அக்காவின் பெட்டியிலிருந்து ஜிகினாத் தாளை எடுத்துக் கிரீடம் செய்துகொள்கிறான், உதை வாங்குகிறான். கர்ணன் அளவுக்கு இல்லை, சரி. ஆனால் கர்ணனைப் பையனின் முகத்தில் எப்படிப் படம் எடுப்பது?

துர்கா செத்த பிறகு வருவதைப் பாருங்கள். முன்பு பள்ளிக்கூடம் அனுப்ப அம்மாவும் அக்காவும் சேர்ந்து தலை வாரி அலங்காரம் பண்ணிவிட்ட பையன், இப்போது தானே பல் துலக்குகிறான், தானே தலை வாருகிறான். எண்ணெய் வாங்கக் கடைக்குக் கிளம்புகிறான். வாசலில் நின்று வானத்தைப் பார்க்கிறான். உள்ளே போய்க் குடையை எடுத்துக்கொண்டு வருகிறான்.

அக்கா எதில் நனைந்து காய்ச்சலில் படுத்தாள் என்பது நமக்குத் தெரியும்.

அப்புறம், துர்கா திருடி ஒளித்துவைத்த அந்தக் கழுத்து மாலை. நாவலில் அது தங்கக் குங்குமச் சிமிழ். அபு அதை மூங்கில் தோப்பில் எறிகிறான். படத்தில் பாசிமணி மாலை. சிரட்டைக்குள் ஒரு சிலந்தியோடு கிடக்கிறது. குளத்தில் வீசுகிறான், குளத்துப் பாசி விலகி மறுபடி மூடிக்கொள்கிறது. பொருளை மாற்றினார்களே தவிர அபு செய்வது அதேதான்: அக்காவின் திருட்டை யாருக்கும் தெரியாமல் மறைக்கிறான். குடையையும் மாலையையும் வைத்துக்கொண்டு அவன் வளரவில்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அபுவின் அப்பா ஹரிஹர் ஊர் திரும்பும் காட்சியை நீங்கள் குறிப்பிடவில்லை. நாவலில் சர்வஜயா வாய்விட்டுச் சொல்லி அழுகிறாள். படத்தில் துர்காவுக்காக வாங்கிவந்த சேலையைக் கடித்துக்கொண்டு அவள் வாய் திறக்கும்போது அழுகைச் சத்தத்துக்குப் பதில் தார்ஷெனாய் என்ற தந்தி வாத்தியம் ஒலிக்கிறது. எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள், விட்டுவிடுகிறேன்.

ஆனால் ராய் எல்லா இடத்திலும் ஜெயித்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஒரு இடத்தில் நாவல் அவரை எட்டவிடவில்லை. இந்த நாவலின் கடைசிப் பகுதியான காசி வாழ்க்கையும், அதன் தொடர்ச்சியான அபராஜிதோ நாவலின் முதல் மூன்றில் ஒரு பங்கும் சேர்ந்துதான் அவருடைய இரண்டாவது படம், 1956-இல் வந்தது. அபராஜிதோ நாவலில், அம்மா இறந்த செய்தி கேட்டதும் அபுவுக்கு முதலில் வருவது துக்கம் இல்லை; கட்டு அறுந்த மாதிரி ஒரு நிம்மதி. ஒரு கணம்தான். உடனே தன்னைக் கண்டு தானே திகைக்கிறான். இப்படி ஒன்றை எழுத எவ்வளவு தைரியம் வேண்டும்! அந்த நாவலில் தன்னைப் பிடித்து இழுத்தது இந்த இடம் என்று ராயே சொல்லியிருக்கிறார்.

படத்தில் அது எங்கே இருக்கிறது? அம்மா தன் நோயைப் பற்றி மகனுக்கு எழுத மறுக்கிறாள். மின்மினிகள் பறக்கும் ராத்திரி. அபு வந்து சேரும்போது வீடு காலி. மரத்தடியில் உட்கார்ந்து குலுங்கி அழுகிறான். இங்கேயே இருந்துவிடு என்கிறார் உறவுக்காரக் கிழவர். பரீட்சை இருக்கிறது என்கிறான். காரியமெல்லாம்? கல்கத்தாவில், காளிகாட்டில் செய்துகொள்கிறேன் என்று மூட்டையைக் கட்டிக்கொண்டு நடக்கிறான்.

விபூதிபூஷண் ஒரு வாக்கியத்தில் சொன்னதை ராய் அந்த நடைக்குள் வைக்கப் பார்த்திருக்கிறார் என்று நினைக்கிறேன். நாவலைப் படிக்காதவருக்கு அது வெறும் கடமையுள்ள மாணவனின் நடைதான். நான் மூன்று தடவை அதற்காகவே பார்த்தேன், அந்த நிம்மதி அவன் முகத்தில் எங்காவது தட்டுப்படுகிறதா என்று. இரண்டாவது தடவை இருந்த மாதிரி இருந்தது. மூன்றாவது தடவை இல்லை.

அன்புடன்