ஓரவஞ்சனைக்கு மருந்து ஒதுக்கீடா?

கேள்வி: இந்திய கிரிக்கெட் அணித் தேர்வில் தமிழக வீரர்கள் எப்போதும் ஓரங்கட்டப்படுகிறார்கள். அஸ்வினையே வெளியே உட்காரவைத்தார்கள். நடராஜனுக்கு ஒரே ஒரு டெஸ்ட்தான் கிடைத்தது. மும்பைக்காரர்களுக்கும் செல்வாக்கு உள்ளவர்களுக்கும் மட்டுமே இடம் என்ற இந்த அநியாயத்தை ஒழிக்க, மாநிலத்துக்கு இத்தனை பேர் என்று ஒதுக்கீடு கொண்டுவந்தால் என்ன?

பதில்: இந்திய அணித் தேர்வில் ஓரவஞ்சனையே இருந்ததில்லை என்று நான் சாதிக்கப்போவதில்லை. 1936-இல் இங்கிலாந்து சென்ற அணிக்குத் தலைவராக இருந்த விஜயநகரம் மகாராஜ்குமார் மூன்று டெஸ்ட்களிலும் சேர்த்து எடுத்த ஓட்டங்கள் 33. அந்தப் பயணத்தில் நல்ல ஆட்டத்தில் இருந்த லாலா அமர்நாத்தோ, ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயரில் முதல் டெஸ்ட்டுக்கு முன்பே கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டார். பணமும் பதவியும் மட்டையைவிடப் பெரிதாக இருந்த காலம் அது. (தலைவருக்கு அதே பயணத்தின்போது 'சர்' பட்டமும் கிடைத்தது என்பது கொசுறுச் செய்தி.) ஆனால் நீங்கள் அடுக்கியிருக்கும் சான்றுகள் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல.

முதலில் அஸ்வின். பயணத்துக்கான அணியைத் தேர்ந்தெடுப்பது தேர்வுக் குழு. களமிறங்கும் பதினொருவரைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தலைவரும் பயிற்சியாளரும். 2021-இல் இங்கிலாந்தில் ஆடப்பட்ட நான்கு டெஸ்ட்களிலும், 2023-இல் ஓவல் மைதானத்தில் நடந்த உலக டெஸ்ட் சாம்பியன்ஷிப் இறுதிப் போட்டியிலும் அஸ்வின் அணியில் இருந்தார். ஆடும் பதினொருவரில்தான் இல்லை. அந்த இறுதிப் போட்டியின்போது டெஸ்ட் பந்துவீச்சாளர் தரவரிசையில் முதலிடத்தில் இருந்தவரை, அவருடைய சுழலுக்குத் திணறும் இடக்கை மட்டையாளர்கள் பலர் நிறைந்த ஆஸ்திரேலிய அணிக்கு எதிராக வெளியே வைத்தது தவறு என்பதே என் கருத்து. டிராவிஸ் ஹெட் 163 ஓட்டங்கள் எடுத்தார். இந்தியா 209 ஓட்டங்களில் தோற்றது. ஆடுகளத்தைத் தப்பாகக் கணித்தவரை முட்டாள் என்று நீங்கள் திட்டலாம். ஆனால் அவரைப் பட்சபாதி என்று சொல்வதற்கு வேறு ஆதாரம் வேண்டும். நடராஜனைப் பொறுத்தவரை, 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்துக்கு வலைப்பயிற்சிப் பந்துவீச்சாளராகப் போனவர், அதே பயணத்தில் மூன்று வகைப் போட்டிகளிலும் அறிமுகமானார். அதற்குப் பின் சில மாதங்களிலேயே அவர் முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொள்ள நேர்ந்ததை உங்கள் கடிதம் சொல்லவில்லை.

மும்பைக்காரர்களுக்கே எல்லாம் என்கிறீர்கள். முதல்தரப் போட்டிகளில் 589 விக்கெட் எடுத்தும் ஒரு டெஸ்ட்கூட ஆடாத பத்மாகர் சிவால்கர் மும்பைக்காரர். அறிமுக ஆட்டத்திலேயே 260 ஓட்டங்கள் குவித்து, முதல்தரப் போட்டிகளில் 11,000 ஓட்டங்களைக் கடந்தும் இந்தியத் தொப்பியைப் பார்க்காமலே ஓய்வுபெற்ற அமோல் மஜும்தாரும் மும்பையில் வளர்ந்தவர்தான். முன்னவருக்கு எதிரே, அவரைப் போலவே இடக்கைச் சுழற்பந்து வீசிய பிஷன் சிங் பேடி இருந்தார். பின்னவருக்கு எதிரே டெண்டுல்கர், திராவிட், கங்குலி, லட்சுமண் என்று நால்வர் இருந்தார்கள். ரஞ்சிக் கோப்பையில் 637 விக்கெட் என்ற சாதனையோடு இருக்கும் அரியானாவின் இடக்கைச் சுழலர் ராஜீந்தர் கோயலுக்கும் வழியை அடைத்தது பேடிதான். இடம் ஒன்று, தகுதியுள்ளவர் மூவர் என்றால் இருவர் வெளியே நிற்பார்கள். அது வருத்தத்துக்குரியது, வஞ்சனை அல்ல. அதே சமயம், 2019 உலகக் கோப்பையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒருநாள் போட்டிகளில் சராசரி 47-ஐத் தொட்டிருந்த ஐதராபாத்தின் அம்பத்தி ராயுடுவைத் தள்ளிவிட்டு, மட்டை, பந்து, களத்தடுப்பு மூன்றிலும் உதவுவார் என்று சேர்க்கப்பட்டவர் தமிழகத்தின் விஜய் சங்கர். அன்று 'அநியாயம்' என்று தமிழ்நாட்டிலிருந்து எனக்கு ஒரு கடிதமும் வரவில்லை.

அப்படியானால் கோளாறு எங்கே இருக்கிறது? யாருக்கு எவ்வளவு பொறுமை காட்டப்படுகிறது என்பதில் இருக்கிறது. 2016 டிசம்பரில் சென்னையில் கருண் நாயர் ஆட்டமிழக்காமல் 303 ஓட்டங்கள் எடுத்தார். அடுத்த டெஸ்ட்டில் அவர் ஆடவில்லை. காயத்திலிருந்து மீண்ட ரஹானேவுக்காக இடம் விட்டார். பிறகு ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நான்கு இன்னிங்ஸ் கிடைத்தன. அவற்றில் சோபிக்காததால், அடுத்த டெஸ்ட்டை ஆட அவர் 2025 வரை காத்திருந்தார். விராட் கோலியோ 2019 நவம்பருக்கும் 2023 மார்ச்சுக்கும் இடையே ஒரு டெஸ்ட் சதமும் அடிக்கவில்லை. அவருடைய இடம் ஒருபோதும் அசையவில்லை. 27 டெஸ்ட் சதங்களைச் சேர்த்து வைத்தவருக்குக் கூடுதல் அவகாசம் தருவதை நான் குறைசொல்ல மாட்டேன். ஒருவருக்கு நான்கு இன்னிங்ஸ், இன்னொருவருக்கு மூன்று ஆண்டுகளுக்கு மேல் என்றால், இரண்டையும் எந்த அளவுகோலால் அளந்தார்கள் என்பதைத் தேர்வாளர்கள் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும் என்பதே என் குறை. அது இல்லாதபோது, ரசிகன் அந்த வெற்றிடத்தைத் தன் மாநிலத்தின் பெயரால் நிரப்பிக்கொள்கிறான். நீங்கள் செய்திருப்பதைப் போல.

ஒதுக்கீடு என்ற யோசனைக்கு வருகிறேன். ரஞ்சிக் கோப்பையில் 38 அணிகள் ஆடுகின்றன. ஒரு பயணத்துக்குப் போவோர் பதினைந்து பதினாறு பேர். கணக்கே உதைக்கிறது. போகட்டும், பங்கு பிரிக்கும் பழக்கம் நமக்கு ஏற்கெனவே உண்டு. ஐந்து மண்டலங்களுக்கு ஐந்து தேர்வாளர்கள் என்ற ஏற்பாடு நெடுங்காலமாக நடந்தது. 'என் ஆளுக்கு நீ கை தூக்கு, உன் ஆளுக்கு நான் தூக்குகிறேன்' என்ற பேரத்துக்கு அது இடம் தருகிறது என்ற புகாரும் அதே அளவுக்குப் பழையது. கிரிக்கெட் வாரியத்தைச் சீர்திருத்த உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி லோதா குழு இதைக் கலைத்து மூன்று தேர்வாளர்கள் போதும் என்றது. 2018-இல் உச்ச நீதிமன்றமே ஐவர் குழுவை மீண்டும் அனுமதித்தது. 2024 செப்டம்பரில், மேற்கு மண்டலத்தைச் சேர்ந்த இருவர் குழுவில் இருந்ததால் ஒருவர் விலகி வடக்கிலிருந்து அஜய் ராத்ரா வந்தார். தேர்வாளர் நாற்காலியையே ஊர் பார்த்து நிரப்பும்போது, வீரர் பட்டியலையும் ஊர் பார்த்துப் பிரிக்கச் சொல்வது நோயைக் காட்டி மருந்து என்று விற்பதாகும்.

தேர்வாளரின் முடிவுக்கு மேலேயும் ஒரு கை இருக்கக்கூடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1988-இல் அணியிலிருந்து நீக்கப்பட்டபோது தேர்வாளர்களைக் 'கோமாளிக் கூட்டம்' என்று சாடிய மொஹிந்தர் அமர்நாத், பின்னாளில் தாமே தேர்வாளரானார். இங்கிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் அடுத்தடுத்து 0-4 என்று தோற்ற பிறகு அணித் தலைவரை மாற்றத் தேர்வுக் குழு முடிவெடுத்தும், வாரியத் தலைவர் ஒப்புதல் தரவில்லை என்று 2012-இல் அவர் வெளிப்படையாகவே கூறினார். குழுவின் முடிவும் காரணமும் அன்றே வெளியாகியிருந்தால், அதைத் தடுத்தவரும் தம் காரணத்தை வெளியில் சொல்ல வேண்டியிருந்திருக்கும்.

ஆகவே வாரியத்திடம் நீங்கள் கேட்க வேண்டியவை இரண்டு: ஒவ்வொரு சேர்ப்புக்கும் நீக்கத்துக்கும் காரணம் எழுதிப் பதிவுசெய்து வெளியிடப்பட வேண்டும், உறவோ வணிகத் தொடர்போ உள்ள வீரரின் பெயர் வரும்போது அந்தத் தேர்வாளர் எழுந்து போக வேண்டும், போனதும் பதிவாக வேண்டும். ரோஜர் பின்னி தேர்வாளராக இருந்தபோது, மகன் ஸ்டூவர்ட்டின் பெயர் பேச்சுக்கு வரும்போதெல்லாம் தாம் அறையை விட்டு வெளியேறியதாகச் சொல்லியிருக்கிறார். நம்பலாம், ஆனால் நாம் பார்ப்பதற்கு ஒரு தாள் இல்லை. ஸ்டூவர்ட் 2014-இல் மிர்பூரில் வங்கதேசத்துக்கு எதிராக 4 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுத்து, ஒருநாள் போட்டியில் அதுவரை இந்தியர் ஒருவரின் மிகச் சிறந்த பந்துவீச்சைப் பதிவுசெய்தார். அதற்குப் பிறகும் 'அப்பா தேர்வாளர் அல்லவா' என்ற பேச்சு அவரை விடவில்லை.